வாடைக்காற்றுதான் எங்கள் மலை: மட்டக்களப்பு மாரியில் சைக்கிள் பயிற்சி

கார்த்திகை பிறந்தால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கரைந்துவிடும். விடிய ஐந்தேகாலுக்குக் கல்லடிப் பாலத்தடியில் பத்துப் பேர் சேருகிற இடத்தில் மூன்று பேர் நிற்போம். அடுத்த கிழமை அந்த மூன்று பேரும் இல்லை. சைக்கிளை உரப்பையால் மூடி விறாந்தையில் சாத்திவிட்டு, "பொங்கல் கழியட்டும், மறுகா பார்ப்பம்" என்று இருந்துவிடுவோம். நானும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன். ஐப்பசிக் கடைசியில் நிறுத்திய சைக்கிளை மாசி நடுவில் எடுத்தேன். சித்திரைப் புத்தாண்டுப் போட்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லை. அந்தப் போட்டியில் பத்தாவது கிலோமீற்றரிலேயே கூட்டத்தை விட்டுப் பின்தங்கினேன். மிச்ச இருபத்தைந்து கிலோமீற்றரையும் தனியே ஓடி முடித்தேன்.

எனக்கு இப்போது 43 வயது. கல்லடியில் வீடு, நகரத்தில் அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகள். கிழமைக்கு ஆறு மணித்தியாலம் சைக்கிளுக்குக் கிடைத்தால் அது நல்ல கிழமை. என்னைப் போல வேலைக்குப் போய்வந்து, மிஞ்சிய நேரத்தில் றோட் சைக்கிள் ஓடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐந்து மாரி ஓடிப் பார்த்துவிட்டேன். சித்திரையில் கால் எப்படி இருக்கும் என்பது கார்த்திகையிலும் மார்கழியிலும் முடிவாகிவிடுகிறது. அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

நாங்கள் தேடிப் படிக்கிற பயிற்சிக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. அவர்களுக்கு நவம்பர் முதல் பெப்ரவரி வரை பனியும் உறைந்த றோட்டும்தான். அந்த மாதங்களில் மெதுவான, நீண்ட ஓட்டங்களால் அடித்தளம் போட்டுக்கொண்டு வசந்தத்தில் போட்டிக்கு இறங்குவார்கள். நமக்குப் பனி இல்லை. மார்கழி விடியலில்கூட வெப்பம் 22, 23 பாகை அளவில்தான் இருக்கும். ஆனால் மாதக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. அவர்களுக்குப் பனி கொட்டுகிற அதே மாதங்களில் நமக்கு வடகீழ்ப் பருவமழை. அவர்களுக்கு வசந்தம் என்றால் நமக்குச் சித்திரை. வெளிச்சமும் குறைகிறது. நவம்பர் நடுவில் பின்னேரம் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். ஜனவரிக் கடைசியில் காலை ஆறு இருபதுக்குப் பிறகுதான் தலைகாட்டும். மே மாதத்தில் அதே சூரியன் ஐந்தே முக்காலுக்கு வந்து நிற்கும். வேலைக்கு முதல் ஓடுகிறவனுக்கு அந்த அரை மணித்தியாலம் பெரிது.

இரண்டாவது மாரியில் முதல் வருடத்துக்கு நேர்மாறான பிழையைச் செய்தேன். நிறுத்தியதால்தான் பின்தங்கினோம் என்ற கோபத்தில், மழை விட்ட நாளெல்லாம் முழு வேகத்தில் ஓடினேன். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி போய்த் திரும்பும் நேரத்தை ஒவ்வொரு நாளும் போனில் பார்த்து, நேற்றைவிட ஒரு நிமிடமாவது குறைக்க வேண்டும் என்று நின்றேன். மார்கழி முடிவதற்குள் எழும்பும்போதே கால் கனத்தது. நித்திரை குழம்பியது. இரண்டு தரம் தடிமன் பிடித்தது. காலையில் படுக்கையில் கிடந்தபடி எண்ணினால் 54 இருந்த நாடித்துடிப்பு 63 ஆகியிருந்தது. எங்கள் கூட்டத்தில் மூத்தவரான வாத்தியார் அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ ஒவ்வொரு நாளும் சோதினை எழுதுறாய். படிக்கிறது எப்ப?"

அந்தக் கேள்விதான் என்னை மாற்றியது. மூன்றாவது மாரியில் மெதுவாக ஓடப் பழகினேன். பழகினேன் என்று சொல்லக் காரணம், அது வேகமாக ஓடுவதைவிடக் கடினமாக இருந்தது. மெது என்றால் எவ்வளவு மெது? பக்கத்தில் வருகிறவரோடு முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினால் அது மெது இல்லை. நாடித்துடிப்பு மானி இருந்தால், உங்கள் உச்சத் துடிப்பின் 60 முதல் 75 வீதத்துக்குள் நில்லுங்கள். உச்சத் துடிப்புக்கு 220இலிருந்து வயதைக் கழிக்கச் சொல்வார்கள். அது ஒரு சராசரி மட்டும்தான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடிக் குறையும். அந்தக் கணக்கில் எனக்கு 177 வர வேண்டும். உண்மையில் முழுமூச்சாய் ஓடி அளந்தபோது 186 காட்டியது. 177ஐ நம்பியிருந்தால் என் எல்லாக் கணக்கும் பிழைத்திருக்கும்.

மெதுவாக ஓடும்போது உடம்புக்குள் நடக்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது. இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. சக்தியைத் தயாரிக்கும் இழைமணிகள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்து ஓட உடம்பு பழகுவதால், சேமித்த மாப்பொருள் கடைசி வேகத்துக்கு மிஞ்சுகிறது. இதெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊறி வருகிற மாற்றங்கள். மாரிதான் அதற்குத் தோதான காலம். போட்டி இல்லை, அவசரம் இல்லை, எப்படியும் ஈர றோட்டில் வேகம் ஆபத்து.

இங்கே ஒரு விடயத்தில் நான் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. கிழமைக்கு இருபது மணித்தியாலம் ஓடுகிறவர் மூன்று மாதம் மெதுவாக மட்டும் ஓடலாம். அந்த அளவே அவரை வளர்த்துவிடும். கிழமைக்கு ஆறு மணித்தியாலக்காரனுக்கு அது போதாது. நான் ஒரு வருடம் மெதுவாக மட்டும் ஓடிப் பார்த்தேன். தை மாதத்தில் களைப்பே வராது, வேகமும் வராது. அதனால் மாரி நடுவிலும் கிழமைக்கு ஒரு நாள் கடினமாக ஓட வேண்டும் என்பது என் முடிவு. ஒரே ஒரு நாள். மற்ற நாட்களில் அந்த ஆசையைக் கட்டிப்போட வேண்டும்.

அந்தக் கடின நாளுக்கு மலை வேண்டும் என்பார்கள். கடலோரமான எங்கள் எழுவான்கரையில் மலைக்கு எங்கே போவது? கல்லடிப் பாலம் ஏறினால் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது. ஆனால் எங்களிடம் வாடை இருக்கிறது. சமதரையில் சைக்கிள்காரனின் சக்தியில் பெரும்பங்கைத் தின்பது காற்றின் எதிர்ப்புதான். காற்றுக்கு எதிரே வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவதற்கும் நிறையக் கூட உழைக்க வேண்டும். வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போனால், இரண்டு பக்கமும் பெரும்போக வயல். மறிக்க ஒரு மதில் இல்லை. அங்கே காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஆறு நிமிடம் கடினமாக, நாலு நிமிடம் இளைப்பாறி, இப்படி நாலு தரம். மணிக்கு 21 கிலோமீற்றரைத் தாண்டாது. நாடித்துடிப்போ மலையேறுகிறவனுடையது போல இருக்கும். முதல் அறிவுரை, அன்றைக்கு வேக மானியைப் பார்க்காதீர்கள். அந்த எண் மனதை உடைத்துவிடும். மூச்சையும் நாடியையும் மட்டும் பாருங்கள். கியரை இலகுவாக வைத்து, நிமிடத்துக்கு 85, 90 சுற்று மிதியுங்கள். கனத்த கியரில் காற்றோடு மல்லுக்கு நின்ற ஒரு மார்கழியில் எனக்கு முழங்கால் சிரட்டைக்குக் கீழே நோவு பிடித்து மூன்று கிழமை போனது.

பெரிய றோட்டில் காற்றின் குணம் வேறு. மட்டக்களப்பிலிருந்து கல்முனை சுமார் 40 கிலோமீற்றர். அந்தக் கரை தெற்கே சற்றுக் கிழக்காகச் சாய்ந்து போகிறது. வடகிழக்குக் காற்று போகும்போது இடது தோளில் சற்றுப் பின்னாலிருந்து அடிக்கும். நல்லாய்த்தான் ஓடுகிறோம் என்று நினைக்க வைக்கும். திரும்பும்போது அதே காற்று வலது பக்கம் சற்று முன்னாலிருந்து வரும். செட்டிபாளையம், குருக்கள்மடம் தாண்டும்போது போன நேரத்தின் பொய் தெரியும். கூட்டமாக ஓடினால் திரும்பும் வழியில் முன்னுக்குப் போகிறவர் றோட்டு ஓரத்தை ஒட்டி ஓடக்கூடாது. ஒரு முழம் உள்ளே வந்து ஓடினால்தான் பின்னால் வருகிறவருக்கு அவரின் இடது பக்கம் ஒதுங்க இடம் கிடைக்கும். போகும்போது இது எதிர்ப்பக்கமாக மாறுகிறது. ஒதுங்குகிறவர் றோட்டு நடுவை நோக்கி வர வேண்டியிருக்கும். பஸ்சும் லொறியும் பறக்கிற இடத்தில் அது வேண்டாம். ஒற்றை வரிசையாகப் போங்கள். காற்று மறைப்புக்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது.

விழுந்த கதையையும் சொல்ல வேண்டும். மூன்றாவது மாரி, மார்கழித் தொடக்கம். தூறல் நின்று பத்து நிமிடம்கூட இல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மஞ்சள் கடவையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. முன் பிறேக்கைப் பிடித்தேன். சக்கரம் வண்ணம் பூசிய கோட்டில் நின்றது; அடுத்த கணம் நான் றோட்டில் கிடந்தேன். முழங்கையும் இடுப்பும் உரிந்து, சின்னவிரல் எலும்பு வெடித்திருந்தது. நாலு கிழமை பயிற்சி இல்லை. அன்றிலிருந்து ஈரத்தில் கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, மூடி போட்ட குழி, உதிர்ந்த இலை, மாட்டுச் சாணம் எதைக் கண்டாலும் அதன் மேல் போகும்போது சைக்கிள் நேராக நிற்க வேண்டும், பிறேக் பிடிக்கக் கூடாது, ஹாண்டிலைத் திருப்பக் கூடாது. வேகத்தைக் குறைப்பதெல்லாம் அதற்கு முதலே. றிம்மைப் பிடிக்கிற பிறேக் உள்ளவர்களுக்கு இன்னுமொன்று. ஈரத்தில் முதல் ஓரிரு சுற்றுக்கு அது தண்ணீரைத்தான் துடைக்கும், சக்கரத்தைப் பிடிக்காது. சந்தி வரப்போகிறது என்றால் முன்கூட்டியே இலேசாக உரசி றிம்மைக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

ரயரில் காற்றைக் குறையுங்கள். என் நிறை 68 கிலோ, 25 மில்லிமீற்றர் ரயர். கோடையில் 95 பிஎஸ்ஐ (psi) அடிப்பேன், மாரியில் 80. றோட்டில் ஒட்டிப் பிடிக்கும், குண்டுங்குழியிலும் உடம்பு குலுங்காது. ஃபிரேமில் இடம் இருந்தால் 28 மில்லிமீற்றர் ரயர் இன்னும் நல்லது. ஈரத்தில் கண்ணாடித் துண்டும் கல்லும் ரப்பருக்குள் இலகுவாக இறங்கும். மாரியில் பஞ்சர் கூடுவது அதனால்தான். ஓடி வந்ததும் ரயரைக் கையால் தடவி, குத்தியிருக்கும் துகளை எடுத்துவிட்டால் பாதிப் பஞ்சர் குறையும். மழைக்குள் ஒட்டுப் போட முடியாது, பசை பிடிக்காது. இரண்டு ரியூப் கொண்டுபோங்கள்.

மட்காட் பற்றி எங்கள் இளம் பெடியன்களுக்கு ஒரு வெட்கம். றோட் சைக்கிளின் வடிவு கெட்டுவிடும் என்பார்கள். பின்னால் வருகிறவரின் வாய்க்குள் மாட்டுச் சாணம் கலந்த தண்ணீர் தெறிப்பதைவிட எந்த வடிவும் பெரிதில்லை. காத்தான்குடியில் எனக்கு சைக்கிள் பார்க்கும் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது), எண்ணெய்க் கான் ஒன்றை வெட்டி இருக்கைக்குக் கீழே பூட்டுகிற மாதிரி ஒரு தகடு செய்து தந்தார். "இத பூட்டாம மழைக்க வந்தா நான் செயின் மாத்தித் தரமாட்டன்" என்றார். செயினைப் பற்றி அவர் சொல்லித் தந்ததுதான் எனக்குக் கூடக் காசு மிச்சப்படுத்தியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம். மழை ஈரம் மட்டுமல்ல, உப்புக் காற்றும் இரும்பைத் தின்கிறது. நனைந்து வந்தால் குளிக்க முதல் செயினைப் பழந்துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. மாதம் ஒரு தரம் அடிமட்டத்தை (அளவுகோலை) வைத்து அளந்து பாருங்கள். புதுச் செயினில் ஓர் அடிக்குள் ஊசிகள் சரியாகப் பொருந்தும். பதினாறில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் வரை விட்டால் பின் பல்லுச் சக்கரமும் சேர்ந்து போய்விட்டது என்று அர்த்தம். இருக்கைக் குழாயையும் மாரியில் ஒரு தரமாவது கழற்றிக் கிறீஸ் பூசுங்கள். அதற்குள்ளால் இறங்கும் தண்ணீர் மிதி அச்சில்தான் போய்த் தங்கும்.

இனி வெள்ளம். இதில் மட்டும் நான் யாரோடும் விட்டுக்கொடுத்துக் கதைக்க மாட்டேன். றோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடினால் அந்த இடத்திலேயே கிறுகி வீட்டுக்கு வாருங்கள். கணுக்கால் அளவுதானே என்று தெரியும். கீழே தார் இருக்கிறதா அரித்துப் போய்விட்டதா என்று தெரியாது. கிட்டங்கித் தாம்போதி என்ற தாழ்ந்த தரைப்பாலம் மாரிக்கு மாரி மூழ்குவது நாம் அறிந்தது. 2024 நவம்பரில் காரைதீவு, மாவடிப்பள்ளி றோட்டில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரமே வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறும். உழவு இயந்திரத்தைச் சாய்த்த தண்ணீர் சைக்கிளை ஒரு பொருட்டாக எடுக்காது. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போக முதல் அங்கிருந்து வருகிற பால்காரரையோ மீன்காரரையோ கேளுங்கள். வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டியாயிற்றா என்று கேளுங்கள். வெட்டாமல் வாவி முட்டி நிற்கிற நாட்களில் நான் அந்தப் பக்கம் எடுப்பதில்லை.

வெள்ளத் தண்ணீரில் இன்னொரு ஆபத்து எலிக்காய்ச்சல். நோய்பட்ட எலி, மாட்டின் சிறுநீர் கலந்த தண்ணீர் சிறு கீறலுக்குள்ளாலும் உடம்புக்குள் போகும். ஒரு தரம் காயம் ஆறாமல் நான் வயல்கரைச் சேற்றுக்குள் ஓடிய பிறகு, ஒன்பதாம் நாள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தது. வைத்தியர் முதலில் கேட்டது வயலுக்குள்ளோ வெள்ளத்துக்குள்ளோ இறங்கினீர்களா என்றுதான். நல்ல வேளை, அது வேறு காய்ச்சலாக முடிந்தது. காயம் இருந்தால் தண்ணீர் புகாமல் மூடி ஓடுங்கள். வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் வீட்டில் பனடோலோடு படுத்திருக்காமல் வைத்தியரிடம் போய், வெள்ளத்தில் ஓடியதை நீங்களாகவே சொல்லுங்கள். டெங்குக் காலமும் இதுதான் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இருட்டில் வேறு உயிர்களும் றோட்டில் இருக்கின்றன. வயலெல்லாம் ஈரமாக இருப்பதால் மாடுகள் காய்ந்த தாரில் வந்து படுத்துக்கொள்ளும். கறுத்த மாடு கறுத்த றோட்டில் கிடந்தால், முன் லைற் இருந்தும் கடைசி நேரத்தில்தான் தெரியும். வெல்லாவெளி, புல்லுமலைப் பக்கங்களிலும், அம்பாறையில் இங்கினியாகலை றோட்டிலும் யானை வரும். அந்த வழிகளில் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் நாங்கள் ஓடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர ஓட்டத்தை நான் விட்டுவிட்டேன். அந்த மாதங்களில் இடி மின்னல் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான் கட்டும். வயல்வெளியில் உயரமாக நிற்கிற ஒரே பொருள் நாமாக இருக்கக் கூடாது.

வெளியே போக முடியாத நாட்கள் வரும். அடைமழை ஒரு கிழமை நீடித்தால் என்ன செய்வது? கடையில் விற்கிற பயிற்சி இயந்திரம் என் சம்பளத்துக்கு எட்டவில்லை. எங்கள் ஒழுங்கையில் இரும்பு ஒட்டும் தம்பியோடு சேர்ந்து ஓர் உருளைப் பலகை செய்தேன். 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் மூன்று துண்டு, ஒவ்வொன்றின் இரு பக்கமும் பெயாரிங், கோண இரும்பில் ஒரு சட்டம். பின் சக்கரத்துக்குக் கீழே இரண்டு உருளை, முன் சக்கரத்துக்கு ஒன்று. முன் உருளையின் அச்சு, முன் சக்கரத்தின் அச்சைவிட இரண்டு மூன்று சென்ரிமீற்றர் முன்னால் இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் முதலில் நேர் கீழே வைத்து, சைக்கிள் தடுமாறிக்கொண்டே இருந்தது. பின் உருளையிலிருந்து முன் உருளைக்கு மோட்டார் சைக்கிள் ரியூபில் வெட்டிய ரப்பர் பட்டி சுழற்சியைக் கொடுக்கிறது. முதல் கிழமை கதவு நிலைக்குள் வைத்து ஓடுங்கள். சாய்ந்தால் தோளால் முட்டிக்கொள்ளலாம். பத்து நாளில் பழகிவிடும். பழகினால் கால் வட்டமாய்ச் சுற்றக் கற்றுக்கொள்ளும். மிதி விட்டுவிட்டு அடித்தால் உருளை உடனே காட்டிக்கொடுக்கும்.

வீட்டுக்குள் ஓடுவதற்கு மின்விசிறி கட்டாயம். நம் ஊர் ஈரக் காற்றில் வியர்வை காயாது. காற்றில்லாமல் அரை மணித்தியாலம் ஓடினால் அதே உழைப்புக்கு நாடித்துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போன நாட்களில் விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நாற்பது நிமிடத்துக்கு மேல் உருளையில் ஓடுவதில்லை. அதற்கு மேல் அலுப்பு வந்து, அடுத்த நாள் ஓட மனம் வராது. அதன் பிறகு பதினைந்து நிமிடம் உடம்புக்கு. ஒற்றைக் காலில் இருந்து எழும்புதல், உரப்பையில் மணல் கட்டி முதுகில் வைத்துப் படியேறுதல், முழங்கைகளில் ஊன்றி ஒரு நிமிடம் நிற்றல். நாற்பது வயதுக்கு மேல் தசை தானாகக் குறைந்துகொண்டு வரும். சைக்கிள் மட்டும் ஓடி அதை மறிக்க முடியாது.

உடுப்புக்கு ஒரு சொல். பிளாஸ்ரிக் மழைக்கோட்டு போட்டு ஓடினால் உள்ளே வியர்வையால் நனைவீர்கள். நனைவது நிச்சயம் என்று ஏற்றுக்கொண்டு, நெஞ்சில் காற்று அடிப்பதை மட்டும் தடுங்கள். மெல்லிய கையில்லாச் சட்டை ஒன்று போதும். அது இல்லாத வருடம் பனியனுக்குள் பழைய பத்திரிகையை மடித்து வைத்தேன். நல்லாய் வேலை செய்தது. 24 பாகை என்றாலும் நனைந்த உடம்பில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் நடுக்கம் வரும். காய்ந்த பனியன் ஒன்றைச் சொப்பிங் பையில் சுற்றிப் பின் பையில் வைத்திருங்கள், தேநீருக்கு நிற்கும் இடத்தில் மாற்றலாம். சப்பாத்துக்குள் வீட்டுக்கு வந்ததும் பத்திரிகைத் தாளைத் திணித்து, இரண்டு மணித்தியாலத்தில் தாளை மாற்றினால் அடுத்த நாளைக்குக் காய்ந்துவிடும்.

மழையில் தாகம் தெரியாது. ஒரு ஞாயிறு மூன்று மணித்தியாலம் ஓடிவந்து பார்த்தால் போத்தல் நிறைந்தபடி இருந்தது. நிறை பார்த்தேன். 1.2 கிலோ குறைந்திருந்தது. அதில் பெரும்பங்கு உடம்பிலிருந்து போன தண்ணீர். இப்போது தாகம் இருக்கோ இல்லையோ கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இரண்டு மிடறு குடிக்கிறேன். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாப்பொருள் வேண்டும். இரண்டு மூன்று கதலிப்பழமோ, ஒரு பிடி பேரீச்சம்பழமோ, கச்சான் அல்வாவோ போதும். வெளிநாட்டுப் பசைப் பைக்கற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. புறப்பட முதல் பிளேன்ரீயும் இரண்டு பழமும். வந்ததும் பிட்டும் மீன் கறியும்.

மாதங்களை நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். தீபாவளியிலிருந்து மார்கழிக் கடைசி வரை இரண்டு காலை ஒவ்வொரு மணித்தியாலம், உருளை ஒரு நாள், ஞாயிறு மூன்று மணித்தியாலம். இதில் ஒன்று மட்டும் வாடையோடு மல்லுக்கு. திருவெம்பாவை நாட்களில் சங்கும் சேமக்கலமும் கேட்கிற நேரத்தில் புறப்படுவது எனக்குப் பிடித்த ஓட்டம். ஊரே விழித்திருப்பதால் இருட்டுப் பயமும் இல்லை. மூன்று கிழமை கூட்டினால் நாலாம் கிழமை பாதியாகக் குறைப்பேன். பொங்கலுக்குப் பிறகு கடின நாள் நீளும். பதினைந்து நிமிடம் இரண்டு தரம், பேச முடியாத ஆனால் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில். மாசிக் கடைசியில் மழை ஓய, றோட்டுக் காய, கிழமைக்கு இரண்டு கடின நாள். பங்குனியில் குறுகிய முழுவேகம். போட்டிக்கு முந்திய பத்து நாள் அளவைக் குறைத்து, வேகத்தை மட்டும் தொட்டுத் தொட்டு வைத்திருப்பேன். தவறிய நாட்களைச் சேர்த்துப் பிடிக்க முயல வேண்டாம். வெள்ளத்தில் ஒரு கிழமை போனால் போனதுதான். அடுத்த கிழமையை அதன்படியே தொடருங்கள்.

போன சித்திரைப் போட்டியில் கூட்டம் உடைந்தது இருபதாவது கிலோமீற்றரில். பக்கக்காற்று அடித்தது. முன்னால் போன எட்டுப் பேரோடு நான் ஒட்டிக்கொண்டேன். கடைசியில் ஏழாவதாக வந்தேன். என்னைவிட இருபது வயது குறைந்த பெடியன் ஒருவன் வந்து, "அண்ணன், மாரியில என்ன செய்தீங்க?" என்று கேட்டான். மெதுவாக ஓடினேன் என்றேன். நம்பவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. உருளையின் ரப்பர் பட்டி தளர்ந்திருக்கிறது, அதை இந்தக் கிழமை மாற்ற வேண்டும். அந்தப் பெடியனுக்கு நேற்று செய்தி அனுப்பினேன்: ஞாயிறு விடிய ஐந்தேகால், கல்லடிப் பாலத்தடி, பின் லைற்றும் மட்காட்டும் இல்லாமல் வராதே. வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறான்.